டிக்டாக் தடை: எந்தச் சட்டத்தில், எதற்காக?



"ஆபாசத்துக்காகத்தானே சாமி டிக்டாக்கை நிறுத்தினார்கள்?" என்று நாகரசம்பட்டிப் பக்கம் இன்றும் கேட்பவர்கள் உண்டு. இரண்டு தடைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஆபாசத்தையும் சிறுவர் நலனையும் முன்னிட்டு 2019 ஏப்ரல் 3-இல் உத்தரவிட்டது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அதே மாதம் 24-இல் அது விலக்கப்பட்டது.

நிலைத்து நின்றது, 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு 59 செயலிகளுக்கு விதித்த தடையே. இரு வாரங்களுக்கு முன்புதான் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தனர். இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களுள் ஒருவர். அரசு கையில் எடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவையே அதில் காரணங்கள். ஆபாசம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அப்படியென்ன ஆபத்து? செயலி பாட்டை மட்டும் காட்டுவதில்லை. நீங்கள் அனுமதித்தால் யார் யாருடைய எண் வைத்திருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் அது சேர்த்துவைக்கும். ஓசூரில் ஷிப்டுக்குப் போகும் ஒரு பையனுடைய தகவல் பெரிதல்ல. ஆயிரம் பேருடையதைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு தொழிற்சாலை எப்போது இயங்குகிறது என்பதே தெரிந்துவிடும். டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் சீனாவைச் சேர்ந்தது. உளவுப் பணிக்கு நிறுவனங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் சீனச் சட்டம். இந்தியர்களின் தகவலைச் சீன அரசுக்குக் கொடுத்ததில்லை என்றது டிக்டாக். கேட்டால் மறுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவும் இதே அச்சத்தில், விற்றுவிடு அல்லது வெளியேறு என்று 2024 ஏப்ரலில் சட்டம் இயற்றியது. அங்கே நாடாளுமன்றம் விவாதித்தது. 2025 ஜனவரி 17-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இங்கோ ஒரே இரவில் அறிவிப்பு. 69ஏ செல்லும் என்று 2015-இல் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் 2009 விதிகளோ அவற்றை இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. தடை நியாயமானதே என்பது என் எண்ணம்; இந்த மூடுமந்திரம்தான் உறுத்துகிறது. கிராமத்துக் கலைஞர்கள் பலர் சேர்த்த இரசிகர்களை ஒரு நாளில் இழந்தார்களே, அவர்களிடமாவது சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகள் இப்போது ரீல்ஸும் ஷார்ட்ஸும் பார்க்கிறார்கள். அவற்றை நடத்தும் அமெரிக்க நிறுவனங்களும் ஏறக்குறைய அதே தகவல்களைத்தான் சேர்க்கின்றன. அதற்கு வந்தது 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைத் தொட, பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். 2025 நவம்பரில் வெளியான விதிகள் இதற்கு 18 மாத அவகாசம் கொடுத்தன.