எக்ஸ்ரேயில் சிக்காத ஜவ்வு

விரல் மூட்டின் இரு பக்கமும் எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் பட்டையான நாருக்கு லிகமென்ட் என்று பெயர், பேச்சில் ஜவ்வு. புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் கேட்ச் பிடிக்கப்போய் விரல் மடங்கினாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் சறுக்கி ஹேண்டில்பாரில் கட்டைவிரல் பிதுங்கினாலும் அடிபடுவது பெரும்பாலும் இந்த ஜவ்வுதான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. ‘எலும்பு உடையலை’ என்று கேட்டதும் பலர் தைலம் தேய்த்து நீவிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

இந்தக் குறையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தீர்க்கிறது. வயிற்று ஸ்கேனுக்கான 2–5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் கருவி) இதற்கு ஆகாது. விரல் ஜவ்வு தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே இருப்பதால், 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, சில சமயம் ஹாக்கி மட்டை போல் வளைந்த சிறு ப்ரோப் வேண்டும். அழுத்தத்தை மின்சாரமாக்கும் அதன் அடிப்படைத் தன்மையை 1880-இல் பாரிஸில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள்.

நல்ல ஜவ்வு திரையில் இழை இழையாகத் தெரியும். பாதி கிழிந்தது தடித்துக் கருத்திருக்கும். முழுதும் அறுந்திருந்தால் நடுவே இடைவெளி விழும். சந்தேகம் வந்தால் மறுகையின் அதே விரலையும் பார்த்து ஒப்பிடுவார்கள். டாக்டர் விரலைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளும்போதே மூட்டு எவ்வளவு திறக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். வழக்கமான எம்ஆர்ஐயில் இந்த வசதி இல்லை.

கட்டைவிரலில்தான் சிக்கல் அதிகம். அறுந்த முனை சுருண்டு, பக்கத்துத் தசையின் மெல்லிய விரிப்புக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடக்கூடும். 1962-இல் இதை விவரித்த ஸ்வீடன் அறுவை மருத்துவர் ஸ்டெனரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஸ்கேனில் ஒரு சிறு உருண்டை தெரியும். விரல் நுனியை மடக்கினால் விரிப்பு அதன் அடியில் வழுக்கி நகரும். நடுவே விரிப்பு கிடப்பதால் கட்டுப் போட்டாலும் ஒட்டாது, அறுவைதான். பாதிக் கிழிசலுக்கு நாலு முதல் ஆறு வாரம் ஸ்ப்ளின்ட் போதும்.

விரலுக்கானாலும், ஸ்கேன் எந்திரத்தை 1994-ஆம் ஆண்டின் கரு பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்; நினைத்த மைதானத்துக்குத் தூக்கிப்போக முடியாது. எனவே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்; கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் கதிரியக்கவியல், எலும்பு மூட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி மூன்றும் ஒரே வளாகத்தில் உள்ளன.

சாவியைத் திருகும்போது கட்டைவிரல் தளர்ந்தால், வீக்கம் வடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று வாரத்துக்குள் என்றால் அறுந்த ஜவ்வையே தைத்துவிடலாம். வெகுநாள் போய்விட்டால் வேறிடத்து நாரை எடுத்து வைக்க வேண்டிவரும்.