ஜெர்மானியப் படைவீரர்களின் போர்க்கால அடையாள ஆவணங்களும் நிழற்படத் தொகுப்புகளும்: சேகரிப்பும் ஆய்வும்

முன்னுரை

போர் வரலாற்றை எழுதுவோர் அரசாணைகளையும் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். சாதாரணப் படைவீரன் ஒருவனின் சட்டைப் பையில் இருந்த சிறு புத்தகமும் அவன் வீட்டில் சேர்த்து வைத்த நிழற்படங்களும் அத்தகைய மதிப்பை நெடுங்காலம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் (1939-1945) ஜெர்மானியப் படைகளில் பணியாற்றியோரின் இத்தகைய ஆவணங்கள் இன்று பல நாடுகளில் தனியார் சேகரிப்புகளிலும் அருங்காட்சியகங்களிலும் ஏலச் சந்தைகளிலும் காணப்படுகின்றன. இவை யாவை, இவற்றை எவ்வாறு படிப்பது, சேகரிப்பு எந்த அளவில் ஆய்வுக்குத் துணை செய்கின்றது, எந்த இடத்தில் ஊறு விளைவிக்கின்றது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. ஓர் ஆவணம் தான் வந்த வழியையும் தன்னுடன் இருந்த பிற தாள்களையும் இழக்கும்பொழுது சான்றாகும் தகுதியையும் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது என்பதே நாம் இங்கு வலியுறுத்தும் கருத்தாகும்.

இரு புத்தகங்கள்

ஜெர்மானிய வீரனின் ஆவணங்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று 'சோல்ட்புக்' எனப்படும் ஊதியப் புத்தகம். மற்றொன்று 'வேர்பாஸ்' எனப்படும் படைப்பணிப் புத்தகம். பெயரளவில் ஊதியக் கணக்கிற்குரியதாயினும், ஊதியப் புத்தகமே போர்க்களத்தில் வீரனின் அடையாளச் சான்றாகவும் விளங்கிற்று. அதனை அவன் எப்பொழுதும் தன்னுடன் வைத்திருக்க வேண்டும். பெயர், பிறந்த நாள், தொழில், உடல் அடையாளம், இரத்த வகை, பதவி உயர்வுகள், நெருங்கிய உறவினரின் முகவரி, வழங்கப்பட்ட உடைகளும் கருவிகளும், தடுப்பூசிகள், மருத்துவமனையில் தங்கிய நாள்கள், விருதுகள், விடுப்புகள் ஆகியன அதில் பதியப்பட்டன. வீரனின் நிழற்படத்தை ஒட்டும் வழக்கம் தொடக்கத்தில் இல்லை. போரின் பிற்பகுதியிலேயே அது பரவலாயிற்று.

படைப்பணிப் புத்தகம் இதனின்றும் வேறுபட்டது. உடற்தகுதித் தேர்வின்பொழுது ஒருவனுக்கு வழங்கப்பட்ட இப்புத்தகத்தை அவன் படையில் சேர்ந்ததும் படைப்பிரிவின் அலுவலகம் பெற்றுக்கொண்டது. அவன் பணியாற்றிய பிரிவுகளும் பங்குகொண்ட போர்களும் நாள்வாரியாக அதில் எழுதப்பட்டன. பணி முடிந்தால் அது அவனிடம் திரும்பியது. அவன் இறந்துபட்டால் குடும்பத்தாருக்கு அனுப்பப்பட்டது. எனவே, ஒன்று வீரனுடன் களத்தில் அலைந்தது. மற்றொன்று எழுத்தரின் பெட்டியில் இருந்தது. ஒரே மனிதனைப் பற்றிய இவ்விரு பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்பொழுதுதான் இடைவெளிகள் தெரிய வருகின்றன. ஒன்றில் மருத்துவமனையில் இருந்ததாகக் கூறப்படும் வாரத்தில் மற்றொன்று அவனைப் போர்முனையில் காட்டுமாயின், அங்கே ஆய்வாளருக்குரிய வினா தொடங்குகின்றது.

இவற்றைப் படிப்பதற்குச் சில பயிற்சிகள் தேவை. முதலாவது எழுத்துப் பயிற்சி. ஜெர்மானியப் பள்ளிகளில் 1941-ஆம் ஆண்டுவரை கற்பிக்கப்பட்ட பழைய கையெழுத்து முறை இன்றைய ஜெர்மானியருக்கே எளிதில் விளங்குவதில்லை. இரண்டாவது, படைத்துறைச் சுருக்கங்களை அறிதல். மூன்றாவது, 'ஃபெல்ட்போஸ்ட்' எனப்படும் களத் தபால் எண்களை அறிதல். படைப்பிரிவின் பெயரைப் பகைவர் அறியாதிருக்க, முகவரிகளிலும் முத்திரைகளிலும் பெயருக்குப் பதிலாக எண்கள் இடப்பட்டன. ஓர் எண் காலப்போக்கில் வேறொரு பிரிவுக்கு மாற்றப்படுவதும் உண்டு. ஆதலால் நாளை அறியாமல் எண்ணை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் பிழையாகும்.

பெயரில்லாத தகடு

அடையாள ஆவணங்களுள் மிகச் சிறியது வீரன் கழுத்தில் அணிந்த உலோகத் தகடு. நீள்வட்ட வடிவினதாகிய அது நடுவில் துளைக்கோட்டால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரு பாதிகளிலும் ஒரே செய்தி பொறிக்கப்பட்டது. வீரன் இறந்தால் ஒரு பாதி உடலுடன் விடப்படும். மறு பாதி உடைத்தெடுக்கப்பட்டு இறப்புச் செய்தியுடன் அனுப்பப்படும். அத்தகட்டில் வீரனின் பெயர் இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. தகட்டை வழங்கிய பிரிவு, வரிசை எண், இரத்த வகை போன்றனவே அதில் உண்டு. அவ்வெண் யாருக்குரியது என்பதைக் கூறும் பட்டியல்கள் 1939 ஆகஸ்டில் பெர்லினில் தோற்றுவிக்கப்பட்ட தகவல் நிலையத்தில் வைக்கப்பட்டன. 'வாஸ்ட்' என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்ட அந்நிலையத்தின் அட்டைத் தொகுதி 1 கோடியே 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட அட்டைகளைக் கொண்டது. அந்நிலையம் 2019 சனவரியில் ஜெர்மானியக் கூட்டரசு ஆவணக் காப்பகத்துடன் இணைக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் ரூடிகர் ஓவர்மான்ஸ் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மானியப் படைகளின் இழப்பு ஏறத்தாழ 53 இலட்சம் உயிர்கள் எனக் கணித்தமைக்கு இவ்வட்டைகளே அடிப்படையாயின.

இவ்விடத்தில் சேகரிப்பின் மறுபக்கத்தைக் காண வேண்டும். உடையாத முழுத் தகடு மண்ணுக்கடியில் எலும்புகளுடன் கிடைக்குமாயின், அவ்வீரனின் இறப்பு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை என்று கருத இடமுண்டு. அவன் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கக்கூடும். அனுமதியின்றிப் போர்க்களங்களைத் தோண்டுவோர் தகட்டை மட்டும் எடுத்து விற்று எலும்புகளைக் கைவிடும்பொழுது, அவ்வுடலுக்குப் பெயரிடும் வாய்ப்பு மறைந்துவிடுகின்றது. 1919-இல் நிறுவப்பட்ட ஜெர்மானியப் போர்க்கல்லறைப் பேணல் சங்கம் கிழக்கு ஐரோப்பாவில் இன்றும் உடல்களை மீட்டு வருகின்றது. அதன் பணிக்கு இவ்வணிகம் பெருந்தடையாகும். முழுத் தகடுகள் அனைத்தும் இவ்வாறு வந்தவை அல்ல. போரில் உயிர் பிழைத்தோரின் தகடுகளும் உண்டு. ஆயினும் வாங்குவோர் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது கடமையாகின்றது.

நிழற்படத் தொகுப்புகள்

அடையாளப் புத்தகங்கள் அரசு எழுதியவை. நிழற்படத் தொகுப்புகளோ வீரன் தானே தேர்ந்து அமைத்தவை. 1930-களில் விலை குறைந்த ஒளிப்படக் கருவிகள் ஜெர்மனியில் பெருகியமையால், படையில் சேர்ந்தோர் பலர் கருவியுடன் சென்றனர். பயிற்சி முகாம், தோழர்கள், பாரிஸ் நகரக் காட்சிகள், எரிந்த சிற்றூர்கள், சிறைப்பட்ட சோவியத் வீரர்களின் நெடிய வரிசைகள் என இவை ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஏறத்தாழ 57 இலட்சம் சோவியத் போர்க்கைதிகளுள் 33 இலட்சம் பேர் ஜெர்மானியர் வசம் இருந்தபொழுது மாண்டனர் என்பதை அறிந்தவருக்கு, அவ்வரிசைப் படம் வெறும் பயணக் காட்சியாகத் தோன்றாது. பேத்ரா போப் என்னும் ஆய்வாளர் இத்தகைய தொகுப்புகளைக் கொண்டு அமைத்த கண்காட்சி 2009-இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கியது. வீரர்கள் பிற மக்களை எவ்வாறு நோக்கினர் என்பதே அதன் பொருளாகும்.

தொகுப்பு எதைக் காட்டுகின்றது என்பதோடு எதை விட்டுவிடுகின்றது என்பதையும் நோக்க வேண்டும். 2007-இல் வாஷிங்டன் நகரிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்திற்கு 116 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பு கிடைத்தது. அதில் உரிமையாளரின் பெயர் இல்லை. படத்தடிக் குறிப்பையும் பணிக்கோப்புகளையும் ஒப்பிட்டு, அது ஆஷ்விட்ஸ் முகாம் தலைவரின் துணை அதிகாரியான கார்ல் ஹோக்கருடையது என ஆய்வாளர் கண்டறிந்தனர். அதிகாரிகள் இசைக்கருவியுடன் பாடுவதும் ஓய்வில்லத்தில் சிரித்து மகிழ்வதும் அப்படங்களில் உள்ளன; கைதி ஒருவரும் இல்லை. அப்படங்கள் எடுக்கப்பட்ட 1944-ஆம் ஆண்டின் கோடையில்தான் 400,000-க்கும் மேற்பட்ட ஹங்கேரி நாட்டு யூதர்கள் அம்முகாமிற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். தொகுப்பு முழுமையாகக் கிடைத்தமையால்தான் இந்த மௌனமும் சான்றாயிற்று. ஒவ்வொரு படமாகப் பிரித்து விற்கப்பட்டிருப்பின், அவை சீருடை அணிந்தோரின் சில உல்லாசப் படங்களாகவே எஞ்சியிருக்கும்.

தவறாகப் படிக்கப்பட்ட படங்கள்

படத்தின் மூலத்தை அறியாமல் பயன்படுத்துவதால் நேரும் விளைவை ஒரு நிகழ்வு நன்கு விளக்கும். ஜெர்மானியப் படையின் போர்க்குற்றங்களைக் காட்டும் கண்காட்சி ஒன்றை ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995-இல் தொடங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் 800,000-க்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். சாதாரணப் படை குற்றமற்றது என்னும் நெடுநாளைய நம்பிக்கையை அது அசைத்தது. எனவே எதிர்ப்பும் வலுத்தது. சில படங்களில் காணப்படும் உடல்கள் ஜெர்மானியரால் கொல்லப்பட்டோருடையவை அல்ல என்று போலந்து, ஹங்கேரி நாடுகளைச் சார்ந்த வரலாற்றாசிரியர் இருவர் 1999-இல் சுட்டிக் காட்டினர். உக்ரேனிலுள்ள தார்னோபோல், ஸ்லோச்சோவ் ஆகிய ஊர்களில், 1941-இல் சோவியத் உளவுப் படையினர் பின்வாங்குமுன் சிறைக்கைதிகளைக் கொன்றிருந்தனர். ஜெர்மானியர் நுழைந்ததும் அவ்வுடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. அதே இடங்களில் யூதர்கள் தாக்கிக் கொல்லப்பட்டனர். ஆதலால் ஒரே முற்றத்தில் இரு கொலைகளின் உடல்கள் கிடந்தன; அருகில் ஜெர்மானிய வீரர் நின்றனர்.

கண்காட்சி நிறுத்தப்பட்டு வல்லுநர் குழு ஆராய்ந்தது. 1,433 படங்களுள் இருபதுக்கும் குறைவானவையே அக்கண்காட்சிக்கு உரியன அல்ல என்றும், அடிப்படைக் கருத்து சரியே என்றும் அது 2000-ஆம் ஆண்டில் அறிவித்தது. திருத்தியமைக்கப்பட்ட கண்காட்சி 2001 முதல் 2004 வரை நடந்தது. உண்மையான குற்றத்தைக் கூறும் ஆய்வும், ஒரு சில படத்தடிக் குறிப்புகள் பிழைபட்டமையால் மறுப்போர் கையில் கருவியாகிவிடக்கூடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடமாகும்.

சந்தையும் போலிகளும்

அரிய விருதோ புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரோ இருப்பின் ஆவணத்தின் விலை பன்மடங்கு உயர்கின்றது. எனவே உண்மையான புத்தகத்தில் போலிப் பதிவைச் சேர்ப்பதும், வேறொருவரின் படத்தை ஒட்டுவதும் நிகழ்கின்றன. படத்தின் மீதும் தாளின் மீதும் விழுந்த முத்திரையின் வளைவு ஒன்றோடொன்று பொருந்துகின்றதா, படத்தைப் பிணைத்த உலோக ஆணியின் துருக்கறை பின்பக்கத் தாளிலும் படிந்துள்ளதா, கையொப்பமிட்ட அதிகாரி அந்நாளில் அப்பிரிவில் இருந்தாரா என்பன நோக்கத்தக்கவை. போருக்குப் பின்னரே தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் பரவலாகச் சேர்க்கப்பட்டன. அத்தகைய தாள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். போர்க்காலத் தாள் அவ்வாறு ஒளிர்வதில்லை.

இந்திய ஆய்வுலகுடன் உள்ள தொடர்பு

ஜெர்மானிய ஊதியப் புத்தகத்தைப் பெற்றோருள் இந்தியரும் உண்டு. வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர்களிலிருந்து திரட்டப்பட்ட சுதந்திர இந்தியப் படை, ஜெர்மானியத் தரைப்படையின் 950-ஆம் காலாட்படைப் பிரிவாக அமைக்கப்பட்டது. அதன் தோற்றத்திற்குக் காரணமாயிருந்த சுபாஷ் சந்திர போஸ் 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டு அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூரை அடைந்த வரலாறு நம் வட்டாரத்தினர் நன்கு அறிந்ததே. அவர் விட்டுச் சென்ற வீரர்களின் பின்னைய வாழ்வோ அவ்வளவாக அறியப்படாதது. அவர்கள் பெயர் முதலில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பதிவிலும் பின்னர் ஜெர்மானியப் பதிவிலும் இடம்பெற்றமையால், இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வதற்கு வாய்ப்புள்ளது.

முடிவுரை

சேகரிப்பாளரின் ஆர்வம் இல்லையேல் இவ்வாவணங்களுள் பல குப்பையிலோ நெருப்பிலோ அழிந்திருக்கும். அவ்வகையில் ஆய்வுலகம் அவர்களுக்குக் கடன்பட்டுள்ளது. எனினும் தொகுப்பைப் பிரிக்காதிருத்தல், படத்தை எடுப்பதற்கு முன் பக்கம் முழுவதையும் நகலெடுத்தல், படத்தின் பின்புற எழுத்தைப் பதிவு செய்தல், எவரிடமிருந்து எவ்வாறு கிடைத்தது என்பதை அன்றே எழுதி வைத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. இவ்வாவணங்களில் உள்ள பெயர்களுக்குரிய குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. படங்களில் பெயரின்றி நிற்கும் கைதிகளுக்கும் சிற்றூர் மக்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. முன்னவருக்காக மட்டுமன்றிப் பின்னவருக்காகவும் இத்தாள்களைச் சிதையாமல் காத்தல் சேகரிப்பாளர், ஆய்வாளர் ஆகிய இரு சாராரின் கடமையாகும்.