அம்மாவின் மருந்துச் சீட்டில் ஒரு க்ரீம்

"மறுபடியும் நீர்க்கடுப்பு கண்ணு, இளநீர் குடிச்சா சரியாயிடும்"னு அம்மா போன்ல சொன்னதுண்டா? அம்மாவுக்கு மாதவிடாய் நின்னுடுச்சுன்னா, இதைப் படிச்சுட்டு அடுத்த போனைப் போடுங்க.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியா 46, 47 வயசுலயே நின்னுடுது. அதோட எஸ்ட்ரோஜன் ஹார்மோனும் குறைஞ்சுடும். பெண்ணுறுப்பின் உள்சுவர், சிறுநீர்ப் பாதை ரெண்டும் அந்த ஹார்மோனை நம்பியே இருக்கு. அது குறைஞ்சா தோல் மெலிஞ்சு வறண்டுபோகும். அங்கே அமிலத்தன்மையைக் காக்குற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா குறையும், கெட்ட கிருமி சுலபமா ஏறும். எரிச்சல், உறவின்போது வலி, அடக்க முடியாத அவசரம், திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு. திடீர்னு உடம்பு சூடாகி வேர்க்குறது பலருக்குச் சில வருஷத்துல அடங்கிடும். இது பெரும்பாலும் தானா அடங்காது.

இதுக்கு டாக்டர்கள் எழுதுறதுதான் எஸ்ட்ரியால் மாதிரியான க்ரீம். 1993-ல் ராஸ், ஸ்டாம் இருவரும் 93 பெண்களிடம் செய்த ஆய்வில், மருந்தில்லாத க்ரீம் வைத்தவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 5.9 தடவை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் வைத்தவர்களுக்கு 0.5 தடவைதான்.

அப்புறம் ஏன் பல வீட்டுல டியூப் அலமாரியிலேயே கிடக்குது? பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச தாள்தான் காரணம். புற்றுநோய், பக்கவாதம்னு போட்டிருக்கும். அதை விரிச்சுப் படிச்சு வீட்டையே பயமுறுத்துறது பெரும்பாலும் நம்மள மாதிரி ஆளுங்கதான்! அந்தப் பயத்தோட மூலம், 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு. அதில் கொடுத்தது தினமும் வாய்வழியா விழுங்குற ஹார்மோன் மாத்திரை. கணக்குப் போட்டுப் பாருங்க: உள்ளே வைக்கிற எஸ்ட்ரடையால் மாத்திரை ஒன்றில் 10 மைக்ரோகிராம். முதல் 2 வாரம் தினமும், அப்புறம் வாரம் 2 தடவைன்னா வருஷத்துக்கு 114 மாத்திரை, மொத்தம் 1.14 மில்லிகிராம். வாய்வழி மாத்திரையில் ஒரே நாளைக்கே 1 மில்லிகிராம் போகும். குறைந்த அளவில் உள்ளே வைக்கும்போது ரத்தத்துல கலக்குறது ரொம்பக் கம்மி. 2025 நவம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை நீக்கப்போறதா அறிவிச்சது.

அதுக்காகக் கடையில நாமளே கேட்டு வாங்குற மருந்து இல்ல இது. பக்கத்து வீட்டு அத்தையோட மிச்ச டியூபும் வேண்டாம். மாதவிடாய் நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முதல்ல அதைப் பரிசோதிக்கணும். மார்பகப் புற்றுநோய் வந்தவங்கன்னா, புற்றுநோய் டாக்டர் சம்மதம் இல்லாம தொடவே கூடாது. காய்ச்சலோ சிறுநீர்ல ரத்தமோ இருந்தா க்ரீமை நம்பி உட்காராதீங்க, சிறுநீர்ப் பரிசோதனை வேணும். அளவு, சீட்டுல இருக்குறபடி மட்டும். டியூபோட வர்ற அளவுக்குழாயைக் கழுவி, ராத்திரி படுக்கும்போது வச்சுக்கணும். ஒரு வாரத்துல பலன் தெரியலன்னு நிறுத்திடுவாங்க. சில வாரம் பிடிக்கும்னு முன்னாடியே சொல்லி வையுங்க. ஹார்மோன் வேண்டாம்னா ஈரப்பதம் தர்ற ஜெல்லும் உண்டு.

கல்வராயன் மலை நண்பர்களுக்குத் தெரியும், வெள்ளிமலையில இருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து போனா ஒரு நாள் வேலை போச்சு. மக்களைத் தேடி மருத்துவத்துல ஆள் வந்தா பிரஷர், சுகர் சொல்ற அம்மா இதை மட்டும் சொல்ல மாட்டாங்க. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எதுக்காகப் போனாலும், அன்னைக்கே மகப்பேறு-மகளிர் பிரிவுல "வருஷத்துல எத்தனை தடவை நீர்க்கடுப்பு வந்துச்சு, மாதவிடாய் எப்ப நின்னுச்சு"னு சொல்லச் சொல்லுங்க. பசங்களுக்கு அம்மாகிட்ட பேசக் கூச்சமா இருந்தா அக்காவோ சித்தியோ பேசட்டும். சீட்டை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வாங்கி, வாரத்துக்கு எத்தனை நாள்னு நீங்க தமிழ்ல தெளிவா எழுதி அனுப்புங்க.