கழலாத நட்டும் கிடைக்காத பிளாக்கும்

ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற காரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் வேலையில், கட்டுவதைவிடப் பிரிப்பதுதான் பெரும்பாடு. சென்னையில் மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கத்து வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்று வருடம் முழுக்க வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் வேறு. எண்ணெய் காய்ந்துபோன எஞ்சினில் இந்த இரண்டும் சேர்ந்தால் நட்டு, ஸ்டட், பிஸ்டன் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. மெக்கானிக்குகள் இதை ‘ஜாம்’ என்பார்கள்.

இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். மரைக்குள் அதற்கு இடம் கிடையாது. அதனால் நட்டை இறுக்கிப் பிடிக்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி எஞ்சினில் ஹெட், பிளாக் இரண்டுமே வார்ப்பிரும்பு. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் அப்படியே. இவற்றில் வெறும் துருவோடு போராடினால் போதும். பழைய ஃபியட் 1100 வேறு வகை. அதன் ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, ஸ்டட்டைச் சுற்றிக் கெட்டித்துவிடும். நட்டுகள் எல்லாம் கழன்ற பிறகும் ஹெட் மேலே வராமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் துரு அல்ல, தவறான ஸ்பானர். போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த் அளவு, ஹெரால்டிலும் அம்பாசிடரிலும் அங்குலக் கணக்கு, ஃபியட்டில் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். கைக்கு அகப்பட்ட 13 ஸ்பானரை அதில் மாட்டினால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். சாதாரண நட்டில் அது தெரியாது. பிடித்துக்கொண்ட நட்டிலோ ஒரே இழுப்பில் மூலைகள் மழுங்கிவிடும். பன்னிரண்டு முனை ரிங்கைவிட ஆறு முனை பாக்ஸ் ஸ்பானர் இங்கே மேல்.

சரியான ஸ்பானருக்கும் அசையாவிட்டால் அடுத்தது எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் நன்றாக ஊறி இறங்கும். இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் விட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் துரு விரிசல் விடும். அப்புறம் சூடு. கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து ஸ்டட்டை விடும். ஆறத் தொடங்கியதும் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுபடும். அசிட்டோன் தீப்பற்றும் என்பதால் முதலில் நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். பெட்ரோல் டாங்கையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. நட்டைக் கழற்றும்போதும் ஒரேயடியாக இழுக்கக் கூடாது. கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே.

ஹெட்டின் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் சமதளம் கீறி, கேஸ்கெட் கசியும். அதற்குப் பதில் பழைய கயிறு வித்தை இருக்கிறது. ராக்கர் ஷாஃப்டைக் கழற்றினால் வால்வுகள் எல்லாம் மூடிக்கொள்ளும். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியே பருத்திக் கயிற்றைத் திணித்து, ஒரு முனையை வெளியே விட்டு, ஹேண்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றினால் மேலேறும் பிஸ்டனே ஹெட்டைத் தள்ளிக் கிளப்பும். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உலர்வாகச் சுரண்டாமல் நனைத்தே எடுக்க வேண்டும்.

ஸ்டட் ஒடிந்தால் பதற வேண்டியதில்லை. புதிதாக ஒன்றை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ஹெரால்டின் பிளாக் விரிசல் விட்டால்தான் கஷ்டம். அந்தக் காரின் ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டதால் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினாலும் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே எந்த முறையானாலும் பிளாக்குக்கு ஆபத்தில்லாததே முதலில். ஒடிந்த முனை மேலே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகலாம். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே ஒடிந்திருந்தால் சரியாக நடுவில் துளையிட்டு, ஈசி-அவுட் என்ற கழற்றும் கருவியைப் போடுவார்கள். இதில் அவசரம் ஆகாது. ஈசி-அவுட் கடினமான எஃகு. அது உள்ளே ஒடிந்தால் டிரில் ஏறாது. பிறகு தொழிற்பேட்டையின் டூல் ரூமில் ஸ்பார்க் எரோஷன் இயந்திரத்தைத்தான் நாட வேண்டும்.

பிஸ்டனே பிடித்துக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது நீரில் மூழ்கி நின்ற எஞ்சின்களுக்கு நேர்ந்தது இதுதான். அத்தகைய எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றி, டீசலோடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைக் கலந்து ஊற்றி ஒரு வாரமாவது ஊறவைத்து, பிறகு ஃபிளைவீலை இருபுறமும் நெம்பி ஆட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டை எடுத்து, கீழே ராடின் கேப்பைக் கழற்றி, சிலிண்டர் துளையைவிடச் சற்றே சிறிதாக அறுத்த கட்டையைப் பிஸ்டனின் மேல் வைத்துத் தட்டி முதலில் கீழே நகர்த்துவார்கள். பிடி விட்டதும் மேல்வழியாக வெளியேற்றலாம். அதற்கு முன் சிலிண்டரின் மேல் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பைச் சீவ வேண்டும். மறந்தால் ரிங் பள்ளங்களின் விளிம்புகள் உடையும். ஸ்டாண்டர்டு வேன்கார்டில் லைனரைச் சுற்றித் தண்ணீரே ஓடும். ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டியானால் லைனர் பிளாக்கோடு ஒட்டியிருக்கும். அங்கே சுத்தியல் உதவாது, புல்லர் வேண்டும்.

பிரித்த பிறகு மரைகளை டேப் விட்டுச் சுத்தம் செய்து, பிளாக்கில் இறங்கும் துளைகளை எண்ணெயோ தண்ணீரோ இல்லாமல் ஊதி உலர்த்த வேண்டும். தேங்கிய திரவத்தின் மேல் ஸ்டட்டை முடுக்கினால் பிளாக் வெடிக்கும். சைலன்சர் பக்க மேனிஃபோல்டுக்கு எஃகு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு போட்டால், அது துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாது.