அறுபதும் இருபதும் அமரும் இடம்

அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994இல் ‘ஏரான்’ என்ற நாற்காலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பஞ்சு இல்லை, மெத்தை இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை மட்டும்தான். பார்த்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது கலிஃபோர்னியாவின் இணைய நிறுவனங்களுக்கெல்லாம் அடையாளச் சின்னம் ஆகிவிட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டது. இருபது வயது நிரல் எழுத்தாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்து உழைத்த அந்த இருக்கையின் கதை, முதியவர்களிடம் தொடங்குகிறது.

அதை வடிவமைத்த பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் அதற்கு முன் முதியோருக்கான இருக்கைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வயதானவர்கள் தடித்த பஞ்சு வைத்த சாய்வு நாற்காலிகளில் நாள் முழுக்க இருப்பதையும், உடற்சூடு பஞ்சுக்குள் தேங்கி, ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து தோல் புண்ணாவதையும் கவனித்தார்கள். அதற்குத் தீர்வாக ‘சாரா’ என்ற நாற்காலியை 1980களின் இறுதியில் உருவாக்கினார்கள். முதியோருக்கு அதை எப்படி விற்பது என்று நிறுவனத்துக்குப் பிடிபடவில்லை. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. ஆனால் காற்றோட்டம், அழுத்தத்தைப் பரவலாகத் தாங்குவது, உட்கார்ந்தபடியே எளிதாகச் சாய்வது என்று அங்கே கற்ற பாடங்கள் அலுவலக நாற்காலிக்கு வந்து சேர்ந்தன. ஏரானில் மூன்று அளவுகள் இருந்தன. சிறிய உடலுக்கும் பெரிய உடலுக்கும் ஒரே இருக்கை போதும் என்ற நினைப்பையும் அது கைவிட்டது.

அலுவலகம் அமைக்க இடம் பார்க்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. ஏனென்றால் இன்று ‘தலைமுறைகள்’ என்ற பெயரில் வேறொரு பேச்சு நடக்கிறது. இசட் தலைமுறைக்கு பீன் பேக், மில்லெனியல்களுக்கு காபி பார், மூத்தவர்களுக்குக் கதவு வைத்த கேபின் என்று ஆளுக்கொரு முத்திரை குத்தி இடத்தைப் பிரிக்கும் பேச்சு. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, தலைமுறைப் பெயர்களை வைத்துப் பணியாளர்களை வகைப்படுத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவுக்கு வந்தது. ஒருவர் எந்த ஆண்டுகளில் பிறந்த கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைவிட, இப்போது அவருக்கு என்ன வயது, வீட்டில் என்ன பொறுப்பு, செய்யும் வேலை என்ன என்பவைதான் முக்கியம். முத்திரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த அறையில் உட்காரப்போகிற கண், காது, முதுகு, தோல் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே நேர்மையான வழி.

முதலில் கண். நாற்பதைத் தாண்டும்போது வெள்ளெழுத்து வருகிறது. யாரும் அதற்குத் தப்புவதில்லை. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, விழிலென்ஸ் மஞ்சள் பாரிக்கிறது. 20 வயதில் விழித்திரைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் கிடைக்கிறது என்று கண்ணியல் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ஒரே டியூப்லைட்டின் கீழ் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும், இருவரும் இருப்பது வேறு வேறு வெளிச்சத்தில்.

அப்படியானால் விளக்கைக் கூட்டிவிட்டால் போதுமா? போதாது. மங்கத் தொடங்கிய விழிலென்ஸுக்குள் ஒளி சிதறுவதால் மூத்தவர்களுக்குக் கண்கூச்சமும் அதிகம். பளபளக்கும் டைல்ஸ் தரை, கண்ணாடி மேசை, கூரையில் உறையில்லாத எல்.இ.டி. பலகை, முதுகுக்குப் பின்னால் திரையில்லாத ஜன்னல் ஆகிய எல்லாம் சேர்ந்து அவர்களை வதைக்கின்றன. அறை முழுவதற்கும் மிதமான ஒளி, ஒவ்வொரு மேசைக்கும் திருப்பிக்கொள்ளக்கூடிய ஒரு சிறு விளக்கு என்பது பழைய ஏற்பாடுதான். ஆனால் அதைவிட நல்லது இன்னும் வரவில்லை. படிக்கவும் எழுதவும் 500 லக்ஸ் வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பியத் தர விதி, பார்வைத் திறன் குறைந்தவர் வேலை செய்யும் இடத்தில் அதைக் கூட்ட வேண்டும் என்கிறது. அந்த விளக்கின் சுவிட்ச் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்க வேண்டும். அதுதான் இதில் முக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘பைஃபோகல்’ கண்ணாடியோ ‘ப்ரோக்ரெசிவ்’ கண்ணாடியோ போட்டவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் தெரியும். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் கிட்டத்தில் உள்ளது தெளியும் என்பதால், மோவாயை உயர்த்தி, கழுத்தைப் பின்னுக்கு மடித்து, மணிக்கணக்காக அப்படியே இருப்பார். மாலையில் கழுத்துவலி வந்தால் வயதின்மேல் பழி விழும். திரையை நாலு விரல் கீழே இறக்கினால் தீரக்கூடிய வலி அது. லேப்டாப்பின்மேல் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் இளைஞருக்கு இதற்கு நேர்மாறான மருந்து: திரையை உயர்த்தி, விசைப்பலகையைத் தனியாகப் பிரிக்க வேண்டும். ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தாங்கி இருவருக்கும் உதவும். அதன் விலை ஒரு நாள் மருத்துவச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஓசை. வயதாகும்போது செவி முதலில் இழப்பது மேல் அதிர்வெண்களை. மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அமைதியான அறையில் தெளிவாகக் கேட்பவர்கூட, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில் வார்த்தைகளைத் தவறவிடுகிறார். கண்ணாடிச் சுவர், சிமென்ட் தரை, திறந்த கூரை என்று படத்தில் அழகாகத் தெரியும் கூட்ட அறைகள், பேச்சை எதிரொலித்துக் கலக்கிவிடுகின்றன. இளையவர்களுக்கும் அந்த இரைச்சல் சுமைதான். அவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தப்பிக்கிறார்கள். ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகை, தரைவிரிப்பு, கனத்த திரை ஆகியவை இரு சாராருக்கும் ஒரே மருந்து.

சுவரில்லாத அலுவலகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே, ஷ்னெல்லே சகோதரர்கள் அறைகளை நீக்கி, மேசைகளைச் செடிகளுக்கு நடுவே பரப்பும் அலுவலகத்தை முன்வைத்தார்கள். மேலாளர், குமாஸ்தா என்ற வேற்றுமையைக் குறைக்க வேண்டும், தகவல் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் 1960களில் ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ கொண்டுவந்தார். நின்றபடி வேலை செய்யும் மேசைகூட அதில் இருந்தது. பணியாளர் அசைய வேண்டும், தன் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார். நிறுவனங்கள் அதன் தடுப்புப் பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இடத்தை நெருக்கிப் பெட்டி பெட்டியாக அடுக்கின. ‘க்யூபிக்கிள்’ பிறந்தது அப்படித்தான். தன் கண்டுபிடிப்பு போன போக்கை நினைத்து ப்ராப்ஸ்ட் கடைசிவரை வருந்தினார். 1970களில் தொழிலாளர் மன்றங்களுக்குச் சட்டப்படி குரல் கிடைத்த வட ஐரோப்பிய நாடுகளில், பணியாளர்கள் ஜன்னலும் தனியறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பெருங்கூடம் பேச்சை வளர்க்கும் என்ற நம்பிக்கையை 2018இல் ஓர் ஆய்வு அசைத்துப் பார்த்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகங்களில், தடுப்புகளை எடுப்பதற்கு முன்னும் பின்னும் பணியாளர்கள் பழகுவதைக் கருவிகள் கொண்டு அளந்தார்கள். நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோர் பார்வையிலும் இருப்பவர் தமக்குள் ஒதுங்கிவிடுகிறார்.

ஆனால் எல்லோருக்கும் தனியறை கொடுத்துவிட்டால் இளையவர்களுக்கு நட்டம். மென்பொருள் பொறியாளர்களைப் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர்கள் செய்த ஓர் ஆய்வில், ஒரே கட்டடத்தில் சேர்ந்து உட்காரும் குழுக்களில் புதியவர்களுக்குத் தம் வேலையைப் பற்றிக் கூடுதலான கருத்துகள் கிடைத்தன. அதே நேரத்தில், கற்றுக்கொடுக்கும் மூத்தவர்களின் சொந்த வேலை குறைந்தது. வயதுக்கு வயது நலன் மோதும் உண்மையான இடம் இதுதான், பீன் பேக்கில் அல்ல. பகலில் சில மணி நேரம் சேர்ந்து உட்காரும் மேசையும், மீதி நேரத்துக்குக் கதவடைக்கக்கூடிய சிற்றறையும் ஒரே தளத்தில் வேண்டும். இடத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் வெட்டுவது அந்தச் சிற்றறையை. வெட்டக் கூடாதது அதுதான்.

அலுவலகச் சண்டைகளில் பழையது ஏ.சி. சண்டை. குளிர் எவ்வளவு என்பதை முடிவுசெய்யும் சூத்திரங்கள் டென்மார்க்கின் ஓலே ஃபேங்கர் 1960களில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. அதில் உடற்சூட்டுக் கணக்குக்கு அளவுகோலாக இருந்தவர் 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆண். பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை இந்த அளவுகோல் 35 சதவீதம் வரை மிகைப்படுத்தலாம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். சென்னை வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்த பெண்கள், உள்ளே நுழைந்ததும் சால்வை போர்த்திக்கொள்வது இதனால்தான். அதே வரிசையில், மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உள்ள ஐம்பது வயதுக்காரருக்குத் திடீரென்று உடல் தகிக்கும். அவர் ஃபேன் தேடுவார்.

இதில் நமக்கு நம் நாட்டிலேயே செய்த வேலை இருக்கிறது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் பணியாளர்களைக் கேட்டு, இந்தியர்களுக்கான ஒரு தட்பவெப்பக் கணக்கை 2014இல் உருவாக்கியது. மேலைத் தர விதிகள் சொல்வதைவிடக் கூடுதலான வெப்பநிலையிலும் நம்மவர்கள் வசதியாகவே இருக்கிறார்கள் என்று அது கண்டது. 2016இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஏ.சி.யை இரண்டு மூன்று டிகிரி ஏற்றி வைத்து, மேலே மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் ரெகுலேட்டரை அருகில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டால் சால்வையும் வேண்டாம், வேர்வையும் வேண்டாம். மின்கட்டணமும் குறையும். இதைச் செய்யாமல் 20 டிகிரியில் பூட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் பணத்தைக் கொட்டி ஊழியர்களை நோகடிக்கின்றன.

இதையெல்லாம் எப்படித் தொடங்குவது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஓர் ஆலையிலிருந்து வருகிறது. ஜெர்மனியின் பவேரியாவில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலை, 2017இல் தன் தொழிலாளர்களின் சராசரி வயது 39இலிருந்து 47 ஆகிவிடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டது. 2007இல் ஓர் உற்பத்தி வரிசையில் 42 பேரை, சராசரி வயது 47 வருமாறு அமர்த்தியது. சக ஊழியர்கள் சிலர் அதை ஓய்வூதியக்காரர் வரிசை என்று ஏளனம் செய்தார்கள்.

பொறியாளர்கள் வரைபடத்தோடு வரவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். தொழிலாளர்கள் சொன்னபடியே மரத்தரை வந்தது, சலூன் நாற்காலி போன்ற உயர இருக்கை வந்தது. திரையில் எழுத்து பெரிதானது, நுண்ணிய பாகங்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தார்கள், வேலையை முறை மாற்றிச் செய்தார்கள், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சிகளை நாள்தோறும் செய்தார்கள். மொத்தம் 70 சிறு மாற்றங்கள். பொருள்களுக்கான செலவு சுமார் 20,000 யூரோ. கூட்டங்களுக்கான கூலி நேரத்தையும் சேர்த்தால் 40,000. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்து, இளையவர்கள் நிறைந்த வரிசைகளுக்குச் சமமானது. மரத்தரை எல்லா வயதுக் காலுக்கும் இதம்தானே.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. டி.என்.பி.எஸ்.சி. எழுதி இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவரும், அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகும் சூப்பரின்டெண்டென்டும் இன்று ஒரே செக்‌ஷனில் அடுத்தடுத்து உட்கார்கிறார்கள். பல தாலுகா அலுவலகங்களில் அவர்களுக்குக் கிடைப்பது ஃபைல் கட்டுகள் மறைத்த ஜன்னல், மரமேசைமேல் தூக்கி வைத்த மானிட்டர், கைப்பிடி ஆடும் நாற்காலி. மூத்தவர் ரெக்கார்டு ரூமுக்கு மாடி ஏற வேண்டும். இளையவருக்குக் குழந்தை பிறந்தால் பாலூட்ட ஒரு மூலை இருக்காது.

சட்டம் சில இடங்களில் நம்மை முந்திக்கொண்டு நிற்கிறது. மகப்பேற்று நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று விதித்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டம் திருத்தியது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பதினெட்டு வயதில் தியாகராய நகர்க் கடைக்கு வந்த பெண்ணுக்கு முப்பது வயதில் காலில் நரம்பு புடைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஒரு நாற்காலியின் மதிப்பு புரியும்.

ஆனால் சட்டம் கேட்பது இருக்கை. அது எவ்வளவு உயரம், முதுகுக்குச் சாய்மானம் உண்டா என்பதையெல்லாம் கடைக்காரரே முடிவுசெய்கிறார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுவிட்டுக் கணக்குக் காட்ட முடியும். புதிய கலெக்டர் அலுவலகமோ, வங்கிக் கிளையோ, ஐ.டி. தளமோ கட்டும்போது, வரைபடம் போடுவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களில் மிக மூத்தவரையும் மிக இளையவரையும் கர்ப்பிணியையும் ஊன்றுகோலோடு நடப்பவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரு முழுநாள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டெண்டர் ஆவணத்தில் கிரானைட்டுக்கும் கண்ணாடி முகப்புக்கும் முன்னால் மேசை விளக்கும் மின்விசிறி ரெகுலேட்டரும் திரைத் தாங்கியும் கதவுள்ள சிற்றறையும் இடம்பெற வேண்டும்.