காசின் முகத்தில் ஒரு பெயர்

குறுந்தொகையின் 67ஆம் பாட்டு அள்ளூர் நன்முல்லையாருடையது. பிரிந்து போனவன் நம்மை நினைப்பானோ மாட்டானோ என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். அவன் போன காட்டிலே ஒரு கிளி. அதன் வளைந்த அலகிலே ஒரு வேப்பம்பழம். புதிய நூலில் கோப்பதற்காக நக நுனியில் ஏந்திய பொற்காசு போல அந்தப் பழம் தோன்றுகிறதாம். அது நாணயமா பொன்மணியா என்று உரைகாரர் வேறுபடலாம். ஆனால் பிரிவின் நினைவோடு காசைச் சேர்த்துப் பார்த்த கண் நமக்குப் புதிதன்று என்பது தெளிவு.

பழங்காசு சேகரிப்போர் பொதுவாகத் தேய்வும் கீறலும் இல்லாத காசையே விரும்புவர். ஆனால் கீறலுக்காகவே தேடப்படும் காசுகளும் உண்டு. 1797இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிச் செப்புக்காசு வெளியானது. கனம் ஓர் அவுன்ஸ். அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்படவிருந்த கைதிகள் இத்தகைய காசுகளைத் தேடிப் பெற்றனர். அரசனின் தலையைத் தேய்த்து அழித்து, வழுவழுப்பான அந்த முகத்திலே ஊசிப் புள்ளிகளால் தம் பெயரையும், தண்டனை ஆண்டுகளையும், மறவாதே என்ற வேண்டுகோளையும் பொறித்துத் தாய்க்கோ காதலிக்கோ கொடுத்துச் சென்றனர். இன்று 300க்கும் மேற்பட்ட அத்தகைய காசுகள் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசிய நூதனசாலையில் உள்ளன.

தமிழ்நாட்டிலும் வெட்டுப்பட்ட காசுகள் கிடைத்துள்ளன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் அகப்பட்ட புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு விழுந்திருக்கிறது. அவை மீண்டும் நாணயமாகப் புழங்காதிருக்கச் செய்த வேலை என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கேயும் அரசனின் முகம் அழிந்தது. ஆனால் வேறொருவர் பெயர் அந்த இடத்தில் ஏறவில்லை.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் கொழும்புக் கம்பனிகளும் சில தோட்டங்களும் செம்பிலும் பித்தளையிலும் சொந்தமாக வில்லைகள் அடித்தன. கூலிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட அவற்றைப் பின்னர் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இந்த வில்லைகளையும் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் பொறித்திருப்பது கொடுத்தவன் பெயர். வாங்கிய கையின் பெயர் எதிலும் இல்லை.

கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னர், 1901ஆம் ஆண்டளவில் இன்னொரு வில்லை வந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு, போகவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. பயணச் செலவை அரசாங்கம் முதலிற் கொடுத்துப் பின்னர் தோட்டத்திடம் அறவிட்டுக்கொண்டது. அந்தக் கணக்குக்கு ஆளை அடையாளம் காண வேண்டியிருந்தது. கைதி அரசனின் முகத்தை அழித்துத் தன் பெயரை எழுதினான். இங்கே ஒரு மனிதனின் பெயர் போய் அந்த இடத்தில் இலக்கம் ஏறியது. இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகத் துண்டுதான்.

அப்படியானால் நம்மவர் தம் பெயரை எங்கே எழுதினார்கள்? செம்பிலும் குடத்திலும் எழுதினார்கள். பித்தளைப் பாத்திரத்தில் உளி முனையால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது தமிழர் வீட்டு வழக்கம். கைதியின் காசிலுள்ள புள்ளிகளும் அதே இனத்தவைதான். வெள்ளி ரூபாவோ வளையம் வைத்துக் கழுத்துக்குப் போனது. குழந்தையின் அரைஞாணில் ஏறியது. அது நகையுமாகும், நாளைய அரிசியுமாகும். எழுதி அழித்தால் ரூபா செல்லாமற் போகும். பாத்திரத்தில் எழுதினால் அடகுக்குப் போனாலும் திரும்பி வரும்போது இன்னாருடையதென்று சொல்லும்.

1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. பல ஆண்டுகளாகக் குடும்பங்கள் கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போயின. அக்காள் அங்கே, தங்கச்சி இங்கே என்று உறவு இரண்டாகியது. கொண்டு போக முடியாத செம்பும் குடமும் அடுத்த காம்பிராவில் தங்கின. அவற்றில் பெயர் வெட்டியிருந்தால், பிரிந்தவரின் கையெழுத்தாக எஞ்சியது அதுவாகவே இருக்கலாம்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இல்லாவிடின் அவை பாடியவர்களோடு போயிருக்கும். பொருள்களுக்கும் அந்தக் கவனம் வேண்டும். கம்பளைக்கு அருகே பழைய லயத்தில் 2007இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அதற்கொரு தொடக்கம். வீட்டில் பழைய வில்லையோ, வளையம் வைத்த ரூபாவோ, பெயர் வெட்டிய செம்போ இருந்தால் புளிபோட்டுத் தேய்த்து மினுக்காதீர்கள்; புள்ளிகள் மங்கிப்போகும். பழைய பித்தளையென்று நிறுத்து விற்காதீர்கள். தராசுக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது. யார் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அந்தக் கதையைச் சொல்லக்கூடிய ஆச்சி ஒருவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.