தேயிலைக் கலப்பும் துகள்களின் இயல்பும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் தாழ்நிலத் தேயிலைக்குப் பெயர்பெற்றவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றருக்கு உட்பட்ட உயரத்தில் விளைவதே தாழ்நிலத் தேயிலையாகும். கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கச் செய்து, உலர்த்திய பின்னர் சல்லடைகளால் தரம் பிரிப்பர். தரம் ஒன்றாயினும், பல நாட்களிற் செய்த தேயிலை ஒரே தன்மையதாய் இராது. ஆதலின் பொதி செய்யுமுன் அதனை ஒருங்கே கலத்தல் வேண்டும். 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில் வாங்குவோர் மாதிரியைச் சுவைத்தே விலை கூறுவர். மாதிரி முழுத்தொகுதியையும் ஒத்திராவிடின் தோட்டத்தின் நாணயம் கெடும்.

நீரிற் கரைந்த சர்க்கரை கிளறாவிடினும் மெல்லப் பரவும். அதன் மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாது இயங்குகின்றன. தேயிலைத் துகளுக்கோ அத்தகைய இயக்கம் இல்லை. தள்ளினாலன்றி அது நகராது. நெருங்கிச் செறிந்த துகள்கள் நகர்வதற்கு முதலில் விரிந்து இடைவெளி கொள்ளவேண்டும் என்பதை ஒஸ்போன் றெனோல்ட்சு 1885இல் விளக்கினார். கலக்கும் பொறியின் அலகு சுழலும்போது அதன் முன்னே துகள்கள் குவிந்தெழுந்து சரிகின்றன. பின்னே உண்டாகும் வெற்றிடத்தில் வேறு துகள்கள் வீழ்கின்றன. அலகு எட்டாத மூலைகளில் உள்ளவை அசையாது கிடக்கும். துகள்கள் கூட்டமாக இடம்பெயர்தல், தனித்தனியே பரவுதல், படை படையாக வழுக்குதல் என இக்கலப்பை மூவகையாக வகுத்தார் லேசி என்னும் அறிஞர் (1954).

ஆயினும், கலக்கும் அசைவே பிரிக்கவும் வல்லது. சுளகில் அரிசியைத் தெள்ளும் பெண்கள் இதனை நன்கறிவர். இடைவெளி திறக்குந்தோறும் சிறுதுகள் கீழே நழுவும். பெருந்துகள் மேலே தங்கும். ஆதலின் பொறியை நெடுநேரம் ஓட்டுவதால் மட்டும் கலப்பு மேம்பட்டுவிடாது. மேலும், மிகுதியான உராய்வால் இலையின் மினுக்கம் தேய்ந்து, கருமை சாம்பல் நிறமாகும். இலை நொறுங்கித் தூளும் பெருகும்.

எனவே ஒரே தரத்தையே கலத்தல், துகள் புரள்வதற்கு இடம்விட்டு நிரப்புதல், தக்க வேளையில் நிறுத்துதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. கலந்ததை உயரத்திலிருந்து கொட்டினால், குவியலின் நடுவே தூள் தங்கப் பெரியவை ஓரத்திற்கு உருளும், உழைப்பு வீணாகும். மாதிரியையும் ஓரிடத்தில் அன்றிப் பலவிடங்களில் எடுத்தலே முறை. கையளவு தேயிலை முழுத்தொகுதிக்கும் மெய்ச்சான்று கூறுதல் இவற்றாலேயே கைகூடும்.